காலிக் கட்டிலைப் பற்றிக் கேட்கக் கூடாது

ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில் பம்பரத்தால் மட்டும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவன் ஆண் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் தொற்று வார்டில் வேலை. பம்பரம் என்பது வார்டில் வைத்த பெயர், அதுவும் புதுப் பெயர். அதற்கு முன்னால் அவனுக்கு இருந்த பட்டப்பெயர் மூட்டை. நாற்காலியைக் கண்டால் போதும், உட்கார்ந்துவிடுவான். அப்புறம் எழுப்புவதற்கு ஆள் வைக்க வேண்டும். ஊசி போடக்கூட ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் வீட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போடுவான். பேச்சு சுவாரசியத்தில் ஊசி இறங்கியதே தெரியாது. சோம்பேறி என்று அவனைத் திட்டுகிறவர்கள்கூடத் தங்களுக்கு ஊசி என்றால் மூட்டை எங்கே என்றுதான் தேடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆசாமி பம்பரம் ஆனான் என்றால் சும்மாவா ஆகியிருப்பான்?

வார்டு என்பது நீளமான ஒரு கூடம். வாசல் பக்கத்துக் கட்டில்களுக்குச் சுவர்க் குழாயிலேயே ஆக்சிஜன் வந்துவிடும். ஜன்னல் பக்கம் போகப் போகக் குழாயில் வேகம் குறையும், அதனால் அங்கே ஆளுயரச் சிலிண்டர்களை நிறுத்தியிருந்தார்கள். சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பழையதை மூடு, மீட்டரைக் கழற்று, புதியதில் பூட்டு, சாவி போட்டுத் திற, மீட்டரில் தொங்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார். குமிழி வந்தால் காற்று வருகிறது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் அந்தச் சின்னக் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடைக்குள் போட்டு மூடி, கண்ணாடி முழுக்க ஆவி படிய விட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நாள் முழுக்க ஓட விட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி. 'கிட்' என்று சொல்வார்கள் அந்த உடையை. போட்டுப் பார்த்தவர்கள் வேறு பெயர்களும் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது.

ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு சலூன்காரர் இருந்தார். மூச்சு இழுத்தாலும் வாய் ஓயாத மனுஷர். எல்லோரும் உடைக்குள் புகுந்துகொண்டு திரிந்த அந்த வார்டில் அவருக்கு இருந்த ஒரே குறை, யாருடைய தலைமுடியையும் பார்க்க முடியவில்லை என்பதுதான்.

"உன் மண்டை எப்படி இருக்கும்னே தெரியலையேப்பா," என்பார் மாஸ்க்குக்குள்ளிருந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டே. "முடி இருக்கா, வழுக்கையா?"

"பாதிப் பாதி," என்பான் இவன்.

"சரி, வெளிய வா. மிச்சப் பாதியையாவது ஒழுங்கு பண்ணி விடறேன்."

ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிகிற நேரத்தில், சலூன்காரரின் சிலிண்டர் தீர்ந்தது. இவன்தான் மாற்றினான். பழையதை மூடினான், மீட்டரைக் கழற்றினான், புதியதில் பூட்டினான். இதுவரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நடுக் கட்டிலில் இருந்த ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். ஓடினான். அதுவும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது, உடை கழற்றும் அறையில் நின்றுகொண்டு கையுறையை உரித்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. வாளியில் விழுந்த தண்ணீரில் குமிழி கிளம்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றான். திறந்தேனா? குமிழியைப் பார்த்தேனா?

தலையைக்கூடத் துவட்டாமல் வார்டுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. போன் இருப்பது வெளி அறையில், ஆட்கள் இருப்பது உள்ளே, கிட்டுக்குள். யார் எடுப்பார்கள்? இன்சார்ஜ் சிஸ்டரின் செல்போனுக்குப் போட்டான், அதுவும் அலமாரியில் கிடந்து கத்தியிருக்கும். ஸ்கூட்டரை எடுக்க வாசல்வரை போனான். போய் என்ன செய்வது? டியூட்டி இல்லாத ஆளை உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும், கிட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஆகிறது ஆகியிருக்கும். திறந்திருப்பேன், கை தன்னாலே திறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி விடிய வைத்தான்.

காலையில் போனால் ஜன்னல் ஓரக் கட்டில் காலி. மெத்தையில் மருந்து தெளித்துத் துடைத்து, புது விரிப்பு விரித்திருந்தது.

கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்த வார்டில் அதைக் கேட்கக் கூடாது.

ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் இளம் நர்ஸ் ஒருத்தி, கிட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போன பிறகு, ஒரு காலிக் கட்டிலைக் காட்டிக் கேட்டாள். பதிலைக் கேட்டதும் அழுதாள். கிட்டுக்குள் அழவே கூடாது. கண்ணாடி மங்கிவிடும், கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. நரம்பு தெரியாமல் ஒரு நோயாளியின் கையை நாலு இடத்தில் குத்தி வைத்தாள். அவளை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. இருந்ததே கொஞ்சம் கிட், அதில் ஒன்று வீண். அன்றைக்கு இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். அவரைப் பெரியக்கா என்றுதான் வார்டில் கூப்பிடுவார்கள், டாக்டர்கள் உட்பட.

"வேலை முடியிற வரைக்கும் காலிக் கட்டிலைப் பத்தி யாரும் கேக்காதீங்க. முடிஞ்சு வெளிய வந்து கேளுங்க, சொல்றேன்."

நல்ல யோசனைதான். ஆனால் வேலை எங்கே முடிந்தது? வெளியே வந்தால் ஆளை விட்டால் போதும் என்று ஓடினார்கள். நாளாக ஆகப் பெரியக்கா சொன்னதில் பின்பாதி உதிர்ந்துபோய், கேட்கக் கூடாது என்பது மட்டும் நின்றுவிட்டது. டியூட்டி மாற்றும்போது ஆள் இருக்கும் கட்டில்களைப் பற்றி மட்டும் சொல்வார்கள். காலிக் கட்டிலைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டு, எல்லோரும் முறைத்த முறைப்பில் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

ஆகவே இவனும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது வெளியே சொல்ல ஒரு சாக்கு. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான் நிஜம்.

அன்றிலிருந்து உட்காருவதை விட்டான். உட்கார்ந்தால் போதும், சலூன்காரர் ஞாபகம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓடிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தேவலை. தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவன் வேலையைப் பிடுங்கிச் செய்தான். சிலிண்டர் உருட்டுகிறவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே உருட்டினான். துடைத்த தரையை மறுபடி துடைத்தான். கட்டில் கட்டிலாகப் போய்ச் சிலிண்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "மூட்டைக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு?" என்று சிரித்தார்கள். பெயரையும் மாற்றினார்கள். நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். வாசலில் இருந்த பலகையில் அவன் படத்தை ஒட்டி, 'ஓய்வறியா வீரர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வாந்தி வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

ஊழியர்களின் மனசைப் பார்த்துக்கொள்ளவும் நிர்வாகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் ஓர் அம்மாள் வந்தார். கண்ணை மூடுங்கள், ஓர் ஆற்றங்கரையில் நடக்கிறீர்கள், காற்று வீசுகிறது என்றார். மூடியவர்கள் எல்லோரும் அடுத்த நொடியே குறட்டை விட்டார்கள். பாவம், அந்த அம்மாள் நல்லவர், குறட்டைக்கு நடுவிலும் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பம்பரம் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்று வீசுகிறதா, சரியாகத்தான் வீசுகிறதா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. தொற்று ஒட்டிவிடக் கூடாது என்று முன்னறையில் அவனுக்குத் தனிப் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர். மனைவியும் மகளும் உள்ளே. ஆனால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவான். வந்து, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பான். போவான். மறுபடி வருவான்.

"என்னங்க இது, ரோந்து வர்றீங்களா?" என்றாள் மனைவி. அவள் வாயில் விழுந்தால் யாரும் தப்ப முடியாது. "கேஸ் எங்கயும் ஓடிப்போகாது. நான்தான் ஓடிப்போகப் போறேன்."

ஒருநாள் அம்மா சொன்னாள் என்று மகள் ரெகுலேட்டரை மூடினாள். இவன் பார்த்துவிட்டான்.

"யார் மூடச் சொன்னது? யாரைக் கேட்டு மூடினே?"

அப்படி ஒரு கத்தல் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. குழந்தை வெலவெலத்துப்போய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. ஓடிப்போய்த் தூக்கிச் சமாதானம் செய்யலாம் என்றால், தொடக் கூடாது. முன்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வார்டில் அது நடந்தது. வழக்கம்போலச் சாவியும் கையுமாகக் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தான். நன்றாகத் திறந்திருக்கிறதா, இன்னும் கொஞ்சம் திறக்கலாமா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். ஒரு கட்டிலில் நின்று திருகிக்கொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"அண்ணா! மூடறீங்க! திறக்கலை, மூடறீங்க!"

குட்டிதான். அவன் பாட்டிலைப் பார்த்தான். குமிழி நின்றுபோயிருந்தது. கட்டிலில் இருந்த பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். குட்டி அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திருப்பினாள். குமிழி வந்தது. எல்லாம் ஒரு மூச்சு நேரம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

உடை கழற்றிய பிறகு குட்டி அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணா, என்னன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பெரியக்காகிட்ட சொல்லிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

"சொல்லு. சொல்லத்தான் வேணும்," என்றான். வேறு என்ன சொல்வான்? இத்தனை நாளாக எதை நினைத்துப் பயந்தானோ அதையே பட்டப்பகலில், கண் முன்னால், தன் கையாலேயே செய்யப் பார்த்துவிட்டானே.

வீட்டுக்கு வந்தான். குளித்தான். முன்னறை வாசலில் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது சொன்னான்.

"நான் ஒருத்தரைக் கொன்னுட்டேன்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சலூன்காரர், சிலிண்டர், குளியலறை, காலிக் கட்டில், இன்று நடந்தது. முடிந்த பிறகு கேட்டாள்.

"செத்துட்டாருன்னு யார் சொன்னா?"

"கட்டில் காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா செத்துட்டாருன்னு அர்த்தமா? உள்ள நம்ம கட்டில்ல உங்க பக்கம்கூடத்தான் காலியா கிடக்கு. நீங்க செத்துட்டீங்களா?"

"அங்க யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கக் கூடாது."

"இது எந்த ஊர் நியாயம்? யார் போட்ட சட்டம்?"

"பெரியக்கா."

"அந்தம்மா நல்லவங்களாவே இருக்கட்டும். ஆனா இது உருப்படாத சட்டம்." அவளுக்குக் குரல் தழுதழுத்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "நாளைக்குப் போய்க் கேளுங்க. செத்திருந்தா செத்துட்டாருன்னு தெரிஞ்சுக்கோங்க. அழுவோம். நானும் உங்களோட சேர்ந்து அழறேன். ஆனா தெரிஞ்சுக்காம இன்னொருத்தர் சிலிண்டர்ல கை வைக்காதீங்க. அவங்களுக்கும் வீட்ல ஆள் இருக்காங்க."

அவன் தட்டைத் தொடவில்லை. அவளும் எழுந்து உள்ளே போகவில்லை.

காலையில் டியூட்டி மாற்றும் அறையில், கிட் போடுவதற்கு முன்னால், எல்லோரும் டீ டம்ளரும் கையுமாக நின்றார்கள். பெரியக்கா கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எவ்வளவு காற்று. முடிந்ததும், "சரி, கிளம்புங்க," என்றார்.

"பெரியக்கா," என்றான் பம்பரம். "ஜன்னல் ஓரத்துல இருந்த சலூன்காரர் என்ன ஆனாரு?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பெரியக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் கேக்கறே?"

"அன்னிக்கு அவர் சிலிண்டரை நான்தான் மாத்தினேன். திறந்தேனா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"திறக்கல," என்றார் பெரியக்கா.

பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் திறந்தேன். நீ அந்தப் பக்கம் வெளிய போறே, நான் இந்தப் பக்கம் ரவுண்டு வர்றேன். பாட்டில்ல குமிழி இல்ல, அவர் கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டு இருக்காரு. திறந்துவிட்டேன். கொஞ்சம் திணறினாரு, அப்புறம் சரியாயிட்டாரு. அன்னிக்கே மேல் மாடியில இடம் கிடைச்சுது, மாத்தினோம். போன வாரம் வீட்டுக்குப் போயிட்டாரு."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். போறப்ப உன்னைக் கேட்டாராம், அந்தப் பாதி வழுக்கை எங்கேன்னு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது கோபம். அப்படி ஒரு கோபம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? இத்தனை நாளா நான் எப்படிச் செத்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்னன்னு சொல்றது தம்பி? நீ திறக்காமப் போயிட்டேன்னா? அதுக்கு முந்தின நாள் நான் ஒண்ணைத் திறக்காம வந்தேன். குட்டி திறந்தா. வேணும்னா கேளு." குட்டி குனிந்துகொண்டே தலையாட்டினாள். "நீ போன் பண்ணியிருந்ததைப் பார்த்தேன். லீவு கேக்கத்தான் பண்ணியிருப்பேன்னு நினைச்சு நான் திரும்பக் கூப்பிடல. குடுக்க லீவு இல்லையே எங்கிட்ட. அது என் தப்பு."

அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. கிட் போடவில்லை, கண்ணாடி இல்லை, கை சும்மா இருந்தது. துடைத்துக்கொள்ளாமலே அழுதான்.

கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. யாரும் நகரவில்லை. குட்டிதான் அடுத்துப் பேசினாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அந்தக் கணக்கு டீச்சர், பெரியக்கா?"

"போயிட்டாங்கம்மா. உன்னை நல்ல பிள்ளைன்னு சொன்னாங்க."

குட்டி தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு?" என்று கேட்டார் சிலிண்டர் உருட்டுகிறவர்.

"தம்பி பிழைச்சுட்டான். அண்ணன் இல்ல."

"புது மாப்பிள்ளை ஒருத்தர் இருந்தாரே?"

"இல்லப்பா."

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள், பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பெரியக்கா சொல்லிக்கொண்டே வந்தார். யார் யார் என்ன கேட்டார்கள், கடைசியாக யார் பெயரைச் சொன்னார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. யாருமே கேட்காததால் அத்தனையும் அவரிடமே இருந்திருக்கிறது. பம்பரத்துக்கு அது அப்போதுதான் புரிந்தது. தன்னிடம் ஒரே ஒரு கட்டில், அதற்கே இந்தப் பாடு. இந்த அம்மாள் எப்படி வீட்டுக்குப் போனார், எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார்?

கேள்விகள் ஓய்ந்தன. சிலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட் இருக்கும் பக்கம் நடந்தார்கள்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு," என்றார் பெரியக்கா.

எல்லோரும் நின்றார்கள்.

"வாசல் பக்கத்துக் கட்டில். சாயங்காலம் வந்தாரு, விடியறதுக்குள்ள போயிட்டாரு. உங்க யாருக்கும் அவரைத் தெரியாது. கூட வந்தவங்களும் யாரும் இல்ல." புடவைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். "அவரைப் பத்தி மட்டும் யாரும் கேக்கல."

பம்பரம் அவர் அருகில் போய் நின்றான்.

"நான் கேக்கறேன் பெரியக்கா. அவருக்கு என்ன ஆச்சு?"

பெரியக்காவின் முகம் கோணிக்கொண்டது. இத்தனை பேரைப் பற்றிச் சொன்னபோது அசையாத குரல் இப்போது உடைந்தது.

"மணி என்னன்னு கேட்டாரு. இதோ வந்து சொல்றேன்னுட்டுப் போயிட்டேன்."